அட்டைப் படத்தில் ஒரு பையன்

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், “சொந்தமாக ஒரு சங்கீதப் பத்திரிகை தயாரித்து வாருங்கள், அதற்கு மார்க்கு உண்டு” என்று சொன்னால் யாருக்குத்தான் உற்சாகம் பிறக்காது? இங்கிலாந்தில் உண்மையாகவே அப்படிச் சொன்னார்கள். பத்திரிகை, சினிமா, ரேடியோ, டெலிவிஷன் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதைக் கற்றுத் தரும் ‘மீடியா ஸ்டடீஸ்’ பாடத்தில்தான் இந்த வேலை.

ஓ.சி.ஆர். என்னும் பரீட்சை போர்டு 2008-ல் கொண்டு வந்த பாடத்திட்டம் அது. 16, 17 வயது மாணவர்கள் ஓர் அட்டை, ஒரு பொருளடக்கம், இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று ஆகியவற்றைத் தயாரிக்க வேண்டும். எழுத்தும் படமும் சொந்தமாகவே இருக்க வேண்டும். மொத்தம் 100 மார்க்கில் தயாரிப்புக்கு 60. பிறகு ஏழு கேள்விகள். அவற்றுள் ஒன்று, இந்தப் பத்திரிகை சமூகத்தின் எந்தப் பிரிவினரை எப்படிக் காட்டுகிறது என்பது. கேள்வி சிறியது, பதில் சுலபமல்ல.

தோழனே பாடகன்

பிறர் எடுத்த படம் கூடாது என்றால் மாணவன் எங்கே போவான்? பக்கத்துப் பெஞ்சுத் தோழனைத்தான் காமிராவின் முன் நிறுத்துவான். “சிரிக்காதே! கையைக் கட்டிக்கொள்! முறைத்துப் பார்!” என்பான். ராப் சங்கீதம் என்றால் முக்காடு வைத்த சட்டை. ராக் என்றால் கறுப்பு உடையும் கிதாரும். பாப் என்றால் பளிச்சென்ற புன்னகை. கடையில் தொங்கும் பத்திரிகைகளிலிருந்து படித்த பாடம் இது. 1978 முதல் 2006 வரை வெளிவந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ ஒரு மாதிரி. 1981-ல் பிறந்த ‘கெராங்’ இன்னொரு மாதிரி.

முறைப்பான படத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம்.

முக்காடு பட்ட பாடு

‘ஹூடி’ எனப்படும் அந்த முக்காட்டுச் சட்டை சாதாரண உடைதான். ஆனால் 2005-ல் கென்ட் வட்டாரத்திலுள்ள புளூவாட்டர் என்ற பெரிய கடைத்தொகுதியில், முக்காடு போட்டுக்கொண்டு வருவதற்கே தடை விதித்தார்கள். அப்போதைய பிரதமர் டோனி பிளேரும் அதை ஆதரித்தார்.

2009-ல் ‘விமன் இன் ஜர்னலிசம்’ என்னும் பெண் பத்திரிகையாளர் அமைப்பு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. வாலிபப் பையன்களைப் பற்றிப் பத்திரிகைகளில் ஓராண்டில் வந்த 8,629 செய்திகளில் 4,374 குற்றத்தைப் பற்றியவை! பையன்களை வாயாரப் புகழ்ந்த செய்திகளும் இருந்தன. ஆனால் பெரும்பாலும் அவை கொலையுண்டோ அகாலத்திலோ மாண்ட பையன்களைப் பற்றியவை.

பேருந்தில் முக்காட்டுடன் ஏறும் பையனைக் கண்டு பக்கத்தில் இருப்பவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், அந்தப் பயத்தில் அச்சிட்ட படங்களுக்கும் பங்கு உண்டு.

உள்பக்கத்தில் ஒரு வழி

அதற்காக எல்லாப் பையன்களையும் சாதுக்களாகச் சிரிக்க வைத்தால் போதுமா? போதாது. அதுவும் ஒரு வேஷமே. தவிர, ராப் பத்திரிகையை வாங்க வருபவன் அதை ராப் பத்திரிகை என்று அடையாளம் கண்டுகொள்ளவும் வேண்டும்.

இங்கேதான் அந்த இரண்டு பக்கக் கட்டுரை கைகொடுக்கிறது. அட்டையில் முறைக்கிறவன் உள்ளே பேசலாம். முதல் மேடையில் கை நடுங்கியது, சேமித்த பணத்தில் பழைய கிதார் வாங்கியது, தம்பி தூங்கும்போது சத்தமின்றிப் பழகியது என்று அவன் சொல்லச் சொல்ல, முக்காட்டுக்குள் ஒரு முகம் தெரியும். அதே பையன்தான், அதே சட்டைதான். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுவதும், படத்தின் கீழ் ஒரு வரியை மாற்றுவதும்கூடப் போதும். பார்ப்பவர் அபிப்பிராயம் மாறிவிடும். இதைத் தன் கையாலேயே செய்து பார்த்த மாணவன், நாளைக்குப் பத்திரிகையில் ஒரு முறைப்பான படத்தைக் கண்டால், அப்படி நிற்கச் சொன்னவர் யார் என்று யோசிப்பான்.

2017-ல் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி பழசாகவில்லை. 16 வயது மாணவன் பதில் சொல்ல வேண்டிய அக்கேள்விக்கு, பத்திரிகை நடத்தும் பெரியவர்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?