குதிரைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியா? காரணம் பல்லாக இருக்கலாம்!

குதிரை வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துத்தான் வயதைக் கணிப்பார்கள். ஆனால் வயதைச் சொல்வது முன்பற்கள். தொல்லை தருவதோ எளிதில் கண்ணில் படாத கடைவாய்ப் பற்கள். அங்கே பிடிக்கும் சீழ் மூக்கு வழியாக வெளியே வரும். "சளிதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டால் சிக்கல்தான்.

பல்லுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

குதிரைப் பல் நம்ம பல் மாதிரி இல்லை. அதன் பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். புல்லை அரைத்து மேலே தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை வெளியே வந்துகொண்டே இருக்கும்.

மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு 6 அரைக்கும் பற்கள் உண்டு. அவற்றில் பின்வரிசையில் உள்ள 3 அல்லது 4 பற்களின் வேர்கள் இருப்பது சைனஸ் எனப்படும் காற்றறைகளில். நடுவே மெல்லிய எலும்பு மட்டும்தான். பல் விரிசல் விட்டோ, இடுக்கில் தீவனம் அடைத்தோ வேரில் கிருமி தொற்றினால், சீழ் நேராக சைனஸுக்குள் போய்விடும்.

என்னென்ன அறிகுறிகள்?

* ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சீழ்
* பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே போடுவது
* கண்ணுக்குக் கீழே வீக்கம், அந்தக் கண்ணில் நீர் வடிதல்
* உடல் மெலிவது

வலி இருந்தாலும் சில குதிரைகள் வழக்கம்போல் சாப்பிடும். அதனால் 'நல்லாத்தானே தின்னுது' என்று நம்பிவிடக் கூடாது.

இரண்டு மூக்கிலும் வடிந்தால்?

காய்ச்சலும் தாடைக்கடியில் வீக்கமும் சேர்ந்திருந்தால், மற்ற குதிரைகளுக்குப் பரவும் 'ஸ்ட்ராங்கிள்ஸ்' நோயாக இருக்கலாம். மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய 'கிளாண்டர்ஸ்' நோயிலும் மூக்கில் சளி வரும். எனவே ஒரு பக்கமோ இரு பக்கமோ, மருத்துவர் பார்க்கும்வரை குதிரையைத் தனியாகக் கட்டுவது நல்லது.

சிகிச்சை என்ன?

வாய்ப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் மூலம் எந்தப் பல் என்று கண்டுபிடிப்பார்கள். வெறும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சளி கொஞ்ச நாள் நிற்கும். கெட்ட பல் உள்ளேயே இருப்பதால் மறுபடியும் வரும். பெரும்பாலும் குதிரையை நிற்க வைத்தே மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கி, சைனஸைக் கழுவி சுத்தம் செய்வார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டினால், சீழ் சைனஸுக்குப் போகும் முன்பே பெரும்பாலும் பிடித்துவிடலாம்.