ஓய்வில் பழுதாகும் கருவி

அமெரிக்காவில் தனியார் விமானங்களின் பராமரிப்புக் கணக்குகளைக் கவனித்துவரும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு புதிரை எழுதி அனுப்பியிருந்தார். வாரந்தோறும் பறக்கும் விமானத்தின் எஸ்பிரெஸோ காப்பிக் கருவியைவிட, மாதம் ஓரிரு முறை மட்டுமே பறக்கும் விமானத்தின் கருவிதான் அதிகச் செலவு வைக்கிறதாம். சுத்தம் செய்யும் பணியைப் பறக்கும் மணிக்கணக்கோடு இணைத்துவிட்டால் செலவு குறையாதா என்பது அவருடைய கேள்வி.

நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய பாடத்துக்கே முரணாக இருந்தது இது. 1936-இல் வெளியான தமது 'பொதுக் கோட்பாடு' நூலில் கெயின்ஸ் 'பயன்பாட்டுச் செலவு' என்றொரு கருத்தை விளக்குகிறார். எளிமையாகச் சொன்னால், ஒரு கருவியை இயக்காமல் வைத்திருந்தால் அதற்கு இருந்திருக்கும் மதிப்புக்கும், இயக்கிய பின் எஞ்சும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. இயக்கினால் தேயும் என்பதே இதன் அடிப்படை. காப்பிக் கருவியோ இயக்காவிட்டால் கெடுகிறது.

காரணம் தண்ணீர். எஸ்பிரெஸோ என்பது 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரை, வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் காப்பித்தூளின் வழியே செலுத்தி, அரை நிமிடத்துக்குள் இறக்கும் சாறு. விமான அறைக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. பயணிகள் விமானங்களில் அது 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு நிகராகக்கூட இருக்கலாம். அந்த நிலையில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஸ்பிரெஸோ கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கொதிகலன் மூடியது. ஆனால், அந்த மூடிய அமைப்பைக் காப்பவை சில ரப்பர் வளையங்களும் வால்வுகளும் மெல்லிய குழாய்களுமே. உப்பு படிவதும் அங்கேதான்.

நிலத்தடி நீரைக் கொதிக்கவைக்கும் வீடுகளில் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படலம் படிவதைப் பார்த்திருப்போம். அதே சுண்ணாம்பு உப்புதான் இங்கும். நாள் முழுவதும் இயங்கும் காப்பிக்கடைக் கருவியிலும் உப்பு படியும். ஆனால், அங்கே நீர் தேங்குவதில்லை, இரவில் கடையை மூடும்போது ஊழியர் கழுவியும் வைக்கிறார். தனியார் விமானமோ ஆண்டுக்குச் சில நூறு மணி நேரமே பறப்பது வழக்கம். மற்ற நேரமெல்லாம் தொட்டியிலும் குழாயிலும் நீர் அசையாமல் நிற்கிறது. நீரிலுள்ள குளோரின் மெல்லக் குறைகிறது. குழாயின் உட்சுவரில் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகக் குடியேறுகின்றன. காப்பியின் எண்ணெய்ப்பசை காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கத் தொடங்குகிறது. ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கிறது. நியூஜெர்சியின் டீட்டர்பரோ போன்ற நிலையத்தில் பனிக்கால இரவில் நீரை வடிக்காமல் நிறுத்திவிட்டால், நீர் உறைந்து விரிந்து குழாயையே பிளந்துவிடும்.

சுத்தம் செய்வதிலும் சிக்கல் உண்டு. எண்ணெய்ப்பசைக்குக் காரத்தன்மையுள்ள தூள் வேண்டும். உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்று வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. தொட்டியைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் குளோரின் கரைசல் கொதிகலனுக்குள் தங்கிவிட்டால், துருப்பிடிக்காத எஃகிலும் நுண்குழிகளை உண்டாக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் நல்ல நீரால் அலசித் தீர்த்தாக வேண்டும். கசிந்த காப்பியும் அமிலமும் சமையல் பகுதியின் தரைக்குக் கீழே இறங்கினால், அங்கிருப்பது விமானத்தின் அலுமினியச் சட்டம். சமையல் பகுதியையும் கழிப்பறையையும் சுற்றியுள்ள சட்டங்கள் அரிப்புக்கு ஆளாகக்கூடியவை என்பதைப் பராமரிப்புப் பொறியாளர்கள் நன்கறிவார்கள். ஒரு கோப்பைக் காப்பி விமானத்தின் எலும்பைத் தொடும் இடம் அது.

இதையெல்லாம் யார் கேட்பது? 2004-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 327 பயணிகள் விமானங்களின் நீரைச் சோதித்தபோது, சுமார் 15 விழுக்காட்டில் கோலிஃபார்ம் நுண்ணுயிர் இருந்தது. அதன் பின் 2009-இல் விமானக் குடிநீர் விதி வந்தது. பொருளியல் படித்தவருக்கு அதில் ரசிக்க ஒன்று உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை கிருமிநீக்கம் செய்தால் ஒருமுறை நீரைச் சோதித்தால் போதும். ஒரே முறை செய்தால் பன்னிரண்டு முறை சோதிக்க வேண்டும். உழைப்பா, சோதனையா என்று நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம்.

ஆனால், அந்த விதியின் எல்லைக்குள் வருவது 'பொதுக் குடிநீர் அமைப்பு' மட்டுமே. ஆண்டில் குறைந்தது 60 நாள்களுக்கு நாளொன்றுக்கு 25 பேருக்காவது நீர் வழங்குவது அதன் அளவுகோல். பத்துப் பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட தனியார் விமானம் இதற்குள் வருவதில்லை. செல்வர் தம் நலனைத் தாமே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் கருதுகிறது போலும். எனக்கு இதில் உடன்பாடில்லை. உரிமையாளர் மாதம் ஒருமுறை ஏறி இறங்குகிறார். அந்தத் தொட்டி நீரில் கை கழுவி, அந்தக் கருவியில் தமக்கும் ஒரு கோப்பை வடித்துக்கொள்பவர் விமானப் பணிப்பெண். நீர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று முதலாளியிடம் கேட்கும் இடத்தில் அவர் இல்லை. கணக்கில் மிச்சமாகும் தொகை ஒருவருக்கு, வயிற்றுக்கோளாறு மற்றவருக்கு.

மாணவருக்குப் பதில் எழுதினேன். விமானத்துறையில் சில பாகங்களுக்குப் பறந்த மணியும், சிலவற்றுக்குத் தரையிறங்கிய எண்ணிக்கையும், வேறு சிலவற்றுக்கு நாள்காட்டியும் கணக்கு. காப்பிக் கருவியை நாள்காட்டியில் சேர்க்கச் சொன்னேன். நெடுநாள் நிறுத்தும் விமானங்களில் நீரை முழுவதும் வடித்து, கொதிகலனைக் காயவைத்து, அன்றைய தேதியைக் கருவியின் மேலேயே ஒட்டிவைக்கவும் சொன்னேன். தேதிச் சீட்டு ஒட்டுவதற்கு மட்டும் ஒப்புதல் கிடைத்திருப்பதாகப் போன வாரம் எழுதியிருக்கிறார்.