இல்லத்தை விட்டு வந்த பிறகு

2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்ட சிறுவன் சீர்திருத்த இல்லத்தில் மூன்றாண்டு முடித்து 2015 டிசம்பரில் வெளியே வந்தான். நாடே கொதித்தது. இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்தால் பெரியவரைப் போல விசாரிக்கவும் வழி பிறந்தது. எத்தனை ஆண்டு உள்ளே வைப்பது என்பதில்தான் அன்று முழுச் சண்டையும். ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, சிறார்க்குத் தூக்கும் கூடாது, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் கூடாது என்கிறது. எவ்வளவு கடுமை காட்டினாலும் தண்டனை பெற்ற சிறுவன் ஒருநாள் நம் தெருவுக்குத் திரும்புவான். திரும்புகிறவன் எப்படித் திரும்புகிறான் என்பதே ஊருக்கு முக்கியம்.

காலத்தைக் கூட்டினால் திருந்துவார்கள் என்பதற்குச் சான்று மெலிவு. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், ஃபிலடெல்ஃபியா பகுதிகளில் கடுங்குற்றம் செய்த 1,354 இளையோரை ஏழாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோர் வயது ஏற ஏறக் குற்றத்தைக் கைவிட்டார்கள். நெடுங்காலம் அடைத்து வைத்ததால் மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார்கள் மறுபடி கைதாவது சுமார் 34 விழுக்காடு கூடியது என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிபுணர் குழு 2007இல் கணித்தது. அமெரிக்கா வேறு, நாம் வேறுதான். ஆனாலும் பதினேழு வயதின் அவசரமும் சேர்க்கையின் வலிமையும் எங்கும் ஒன்றே.

நம் சட்டம் ஏட்டளவில் நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். வெளியே வந்தவருக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உண்டு. அதற்கு ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் வைத்திருக்கிறது. இடிப்பது கணக்கில்தான்: 17 வயதில் மூன்றாண்டு பெற்றவன் 20இல் வெளியே வந்தால், உதவிக்கு மிஞ்சுவது ஓராண்டு. விதிவிலக்காக மேலும் இரண்டாண்டு நீட்டலாம் என்கிறார்கள். விதிவிலக்கைக் கேட்டு வாங்கத் தெரிந்த குடும்பமாக இருந்தால் பையன் இல்லத்துக்குப் போயிருக்கவே மாட்டானோ என்னவோ! 24ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர் நீங்கலாக, மற்றவர்களின் தண்டனை ஆவணங்களைக் காலம் கழிந்ததும் அழித்துவிட வேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ அது தடையாகக் கூடாது. 2019இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. கோப்பை அழிக்கலாம், காவல் நிலையத்தின் நினைவை எப்படி அழிப்பது? பகுதியில் வண்டி திருடுபோகும்போதெல்லாம் காவலர் முதலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினால், முதலாளி மறுநாள் அவனுக்குக் கணக்கு முடித்துவிடுவார். நன்னடத்தை அலுவலர் ஒருவர் விடுதலைக்கு முன்பே வேலைக்கோ படிப்புக்கோ இடம் பேசி, பிறகும் வந்து பார்த்து, காவலரிடம் அவனுக்காக நிற்பதுதான் மறுவாழ்வு.

பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு என்ன பதில் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இழப்பீடும் ஆறுதலும் அவர்களுக்கு அரசு பட்ட தனிக்கடன். தண்டனை முடித்து வந்தவன் வேலை இழந்து தெருவில் நிற்பதால் அதில் ஒரு காசும் தீராது, அடுத்தொரு குடும்பம் பாதிக்கப்படும் வாய்ப்புதான் கூடும். தப்பே செய்யாத ஏழைப் பிள்ளைகள் பலருக்கு இந்த 4,000 இல்லையே என்ற மனத்தாங்கலும் உண்மையானது. அவர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்பதற்கு அது காரணம்; இவனிடமிருந்து பறிப்பதற்கு அல்ல.