ஊர் வீதி உருவாகும் விதம்



ஊர் வீதியைத் திருத்தப் போகிறார்கள் என்றதும் நாம் எதிர்பார்ப்பது கல்லும் தாருமே. ஆனால் முதலில் வருபவர்கள் அளப்பவர்கள். அவர்கள் போனபின் மாதங்கள் பல கழிகின்றன. வேலை நடக்கவில்லையே என்று ஊர் முணுமுணுக்கின்றது. அக்காலத்தில் ஒரு பகுதி வீணே கழிவதும் உண்டு. ஆயினும் வீதியின் ஆயுள் நிர்ணயிக்கப்படுவதும் அக்காலத்திலேதான்.

முதலாவது கேள்வி, வீதி யாருடையது என்பது. பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை; அடுத்த தரத்தன மாகாண நிருவாகத்தின் கீழ் உள்ளன. கிராமத்து வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபைகளின் பொறுப்பு. இதனை அறியாது எழுதும் விண்ணப்பம் அலுவலகத்துக்கு அலுவலகம் அலையும்.

அடுத்தது நிலமட்டம். வீதிக்குப் பெரும் பகை வண்டியன்று, நீரே. பாரத்தை உண்மையில் தாங்குவது உலர்ந்த அடிமண்தான் என்று வற்புறுத்தியவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மக்கடம் (1756–1836). ஆகவே வீதியின் நடுவை உயர்த்தி, இருபுறமும் சரித்து, வடிகாலும் மதகும் அமைக்கின்றனர். அடிமண்ணை இறுக்கி, அதன்மேல் கிரவலும் உடைகல்லும் படைபடையாக இட்டு உருளையால் அழுத்துகின்றனர். தார் இவற்றின் மேலிடும் போர்வை மாத்திரமே. மதகு தவறான இடத்தில் அமையின், அடுத்த மாரியிலேயே அப்போர்வை கிழியும். மாரியில் வெள்ளம் எவ்வழி பாயும் என்பதை அளப்பவரிலும் நன்கறிந்தவர் அவ்வூர் முதியவரே.

வீதியை அகலிக்க வேண்டின், சிலருடைய வேலி பின்வாங்க வேண்டும். ஒருவருக்கு அது இரண்டு முழ நிலம். சிறு வளவுக்காரருக்கோ கிணற்றடியும் பயன்தரு மரங்களும். காணியைச் சட்டப்படி எடுப்பதாயின், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் முறை வகுத்துள்ளது. இரண்டாம் பிரிவின்படி அறிவித்தல் ஒட்டி ஆராய்வர். நான்காம் பிரிவின்படி ஆட்சேபம் கேட்பர். ஏழாம் பிரிவின்படி நட்டஈட்டுக் கோரிக்கைகளை அழைப்பர். அவசரத் தேவையெனின் விரைந்து கையேற்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆதலால் வேலியில் ஒட்டிய அறிவித்தலை வாசியாது விடுதல் நன்றன்று. வாசிக்கத் தெரியாத அயலவருக்கு அதனை வாசித்துச் சொல்லுதல் கற்றவரின் கடமை.

1848இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட வீதிச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்றது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அன்று மக்களின் உழைப்பைக் கேட்டார்கள், அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. இன்று அபிப்பிராயம் கூறுதற்கு வழியுண்டு. தார் காய்ந்தபின் குறை கூறுவதிலும், அளவுநூல் பிடிக்கும் அன்றே வீதிக்கு வந்து நிற்பது ஊருக்குப் பயன் தரும்.