உழைப்பு உடற்பயிற்சி ஆகுமா?

“நாள் முழுதும் பாடுபடுகிறேன், எனக்கெதற்கு உடற்பயிற்சி?” என்று செம்பனைத் தோட்டத் தொழிலாளர் பலர் கேட்பதுண்டு. இதயத்தின் கணக்கோ வேறு.

உடற்பயிற்சி அரை மணியில் முடிந்து, இதயத்துக்கு ஓய்வு கிடைக்கும். பாரவேலையில் நாடித் துடிப்பு மணிக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். மூச்சை அடக்கிக் குலையைத் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். வெயிலில் உடல்நீர் வற்றினால் இதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டிவரும்.

கோப்பன்ஹேகனில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்விலும், ஓய்வுநேர உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதயநோய் குறைவாகவும், கடும் உடலுழைப்பாளர்களுக்கு அதிகமாகவும் காணப்பட்டது.

ஆகவே, தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். இடையிடையே நிழலில் அமர்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், ‘வாயு’ என்று தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் 999ஐ அழைக்க வேண்டும்.