களைக்கொத்தி வாங்கும் முன்

கார்த்திகை மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் சென்றால், பருத்தியிலும் உளுந்திலும் பெண்கள் குனிந்து களை எடுப்பதைக் காணலாம். அவர்கள் கையிலுள்ள களைக்கொத்தி சிறு கருவிதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதிலும் பௌதிகம் இருக்கிறது.

கனமான கொத்தி ஆழமாகப் பாயும் என்பது உண்மையே. ஆனால் அது மற்றதைவிட 200 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 5,000 முறை ஓங்கினால், கூடுதலாகத் தூக்கிய எடை மொத்தம் 1,000 கிலோ! ஈரக் கரிசலுக்கு இவ்வளவு கனம் எதற்கு? கூர்மை போதும். விளிம்பின் பரப்பு குறையக் குறைய, அதே விசை அதிக அழுத்தம் தரும். அகன்ற தகடும் வேண்டாம். கரிசலிலுள்ள மான்ட்மோரில்லொனைட் என்னும் களிமண் நீரை உறிஞ்சி உப்பி, பிசினாக ஒட்டிக்கொள்ளும். அந்த மண்ணையும் சேர்த்தல்லவா தூக்க வேண்டும்?

அடுத்து பிடி. மெல்லிய பிடி உள்ளங்கையின் சிறு பரப்பிலேயே அழுந்திக் கொப்புளம் உண்டாக்கும். 3 முதல் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரப்பிடி நல்லது. இருப்பது மெல்லியதென்றால் புதிது வாங்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். தடிமனும் கூடும், கையும் வழுக்காது.

மண் காய்ந்து இறுகிவிட்டால் மட்டும் கணக்கு மாறும். அப்போது கனமான கொத்தியே உதவும்.