பொன்முகலிக்கு வெயில் வைத்தியம்

சிறுநீர்த் தொற்றுக்கு விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையில் ஏறக்குறையப் பாதி, மாறாமல் அப்படியே உடம்பை விட்டு வெளியேறிவிடும். அமாக்சிசிலினும் அப்படித்தான். சாக்கடைக்குப் போன பிறகும் மருந்து மருந்தாகவே இருக்கிறது. அங்கே சாகாமல் தப்பிய கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்கின்றன.

திருப்பதியில் பெரிய மருத்துவமனைகள் உண்டு. மலையேற வரும் பக்தர்களோ நாள்தோறும் பல்லாயிரம். சித்தூர்ப் பக்கம் கோழிப்பண்ணைகள், மாட்டுப்பண்ணைகள். இவற்றின் மருந்துக் கழிவு ஆற்றில் கலந்துவிடலாம். திருப்பதிப் பக்கம் ஓடும் சுவர்ணமுகிதான் பெரியபுராணத்துப் பொன்முகலி. கண்ணப்பர் வாய்நிறைய நீர் கொண்டுபோன ஆறு. சித்தூரின் நீவா ஆற்று நீரோ பொன்னையாற்று வழியாக நம் பாலாற்றுக்கு வருகிறது. இதை ஆந்திரத்துக் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத் அருகேயுள்ள பட்டான்செரு சாட்சி. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரை ஸ்வீடன் விஞ்ஞானி யோவாகிம் லார்சனின் குழு சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது பாக்டீரியாக்கள். பாக்டீரியாவைக் கொல்லவே செய்த பொருளை அவற்றிடமே ஒப்படைத்தால் எப்படி?

இங்கேதான் ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளியூக்கிகள் வருகின்றன. வெள்ளைப் பெயின்ட்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அவற்றில் மூத்தது. நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்தும் எடுக்கலாம். டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் ஒளி பட்டால் நீர் பிளவுபடும் என்று 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரான் ஒன்று எழும்பும். அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துணுக்கை உண்டாக்கும். அது மருந்து மூலக்கூறைக் கடித்துக் குதறிவிடும்.

ஆய்வகத்தில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டதும் மருந்து கலந்த நீர் பால்போல் வெளுக்கிறது. உடனே விளக்கைப் போடமாட்டார்கள். அரைமணி நேரம் இருட்டில் சுழலவிடுவார்கள். பொடி சும்மா உறிஞ்சிய மருந்தை ஒளி சிதைத்ததாகக் கணக்கெழுதிவிடக் கூடாதே. பிறகுதான் விளக்கு.

டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். அதனால் யூரியாவை மூடிய கிண்ணத்தில் 550 டிகிரியில் சுட்டெடுக்கும் மஞ்சள் பொடியான கார்பன் நைட்ரைடு மீது இப்போது ஆர்வம் கூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே அது வேலை செய்யும். ராயலசீமையில் வெயிலுக்கா பஞ்சம்?

ஆனால் குடுவை நீர் வேறு, சாக்கடை வேறு. கலங்கல் ஒளியை மறைக்கும். சோப்பும் அழுக்கும் ஹைட்ராக்சிலைத் தின்றுவிடும். மருந்து அரைகுறையாக உடைந்தால் துண்டுகளுக்கும் கிருமியைத் தாக்கும் குணம் மிச்சமிருக்கலாம். எனவே ஊர்ச் சாக்கடை முழுவதற்கும் இது ஆகாது. மருத்துவமனையின் கழிவுநீரைத் தெளியவைத்து, அது ஊர்ச் சாக்கடையில் கலக்கும் முன்பே ஒளியூக்கியோடு வெயிலில் காட்ட வேண்டும் என்பதே என் கட்சி. ஐஐடி, ஐசர், வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் என மூன்றும் திருப்பதியிலேயே இருக்கின்றன. சோதித்துப் பார்க்க ஆளுக்குக் குறைவில்லை.

குறைவது சட்டம். மருந்து ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு வரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கு வழிகாட்டி நெறிகளே தந்துவிட்டது. அந்த 121 மருந்துகளின் பட்டியலை அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும். மருத்துவமனைகளையும் அதில் சேர்க்க வேண்டும்.